மூணாவது டர்பைன்

போன வாரம் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு ஏகப்பட்ட பாராட்டு. 'எங்க மெஸ்ஸுக்கு வந்து பாருங்க, உங்களுது ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்'னு மூணு ஊர்ல இருந்து சவால் வேற! இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். உடனே பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ்... ஆரம்பம் கிரிக்கெட்தான்.

2023 அக்டோபர் 23. ஆயுத பூஜை லீவு. வீட்ல ஸ்கூட்டிக்கும் என் கால்குலேட்டருக்கும் பொட்டு வெச்சு முடிச்ச கையோட, பொரியை ஒரு கவர்ல அள்ளிக்கிட்டு, பெரியப்பா பையன்கூட சேப்பாக்கம் ஓடினேன். உலகக் கோப்பை. பாகிஸ்தான் - ஆப்கானிஸ்தான். நான் காலேஜ் சேர்ந்த புதுசு, அண்ணன் வேலைக்குப் போற ஆள், டிக்கெட் அவர் செலவு. (பொரியை கேட்லயே வாங்கி வெச்சுட்டாங்க. அது தனி சோகம்.)

பாகிஸ்தான் 282 அடிச்சது. 'முடிஞ்சது கதை'ன்னுதான் நினைச்சோம். ஆனா, ஆப்கான் பசங்க ரெண்டே விக்கெட்டை விட்டுக் கொடுத்து, ஒரு ஓவர் மிச்சம் வெச்சு ஜெயிச்சாங்க. ஸ்டேடியமே அவங்க பக்கம். சென்னை ஜனம் ஏதோ நம்ம தெரு பசங்க ஜெயிச்ச மாதிரி கத்துது. ரஷித் கான் கிரவுண்டுக்குள்ள டான்ஸ், கூட நம்ம இர்ஃபான் பதான் டான்ஸ். எனக்குத் தொண்டை போயிடுச்சு.

87 ரன் அடிச்ச இப்ராஹிம் சத்ரான்தான் ஆட்ட நாயகன். மைக்கைக் கையில வாங்கினவர், பாகிஸ்தான்ல இருந்து தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுற தன் ஜனங்களுக்கு இந்த விருதைச் சமர்ப்பிக்கிறதா சொன்னார். அந்த மாசம்தான் பாகிஸ்தான் அரசாங்கம், 'பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் நவம்பர் 1-க்குள்ள கிளம்புங்க'ன்னு அறிவிச்சிருந்தது. அந்தக் கணக்குல வர்ற ஆப்கானியர்கள் சுமார் 17 லட்சம் பேர். நிறையப் பேர் அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க.

இப்போ வாக்குமூலம். அவர் அதைச் சொன்னப்போ நான் ஸ்டேடியத்துலயே இல்லை. கூட்டத்துக்கு முந்தி பறக்கும் ரயிலைப் பிடிக்கணும்னு அண்ணன் இழுத்துட்டுப் போயிட்டார். அப்படி ஒரு வார்த்தை அங்க சொல்லப்பட்டதே எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். அதுவும் ஒரு டர்பைனைத் தேடப் போன இடத்துல.

நான் ட்ரிபிள் ஈ. எங்க டிபார்ட்மென்ட்ல ஆளுக்கு ஒரு செமினார் கொடுக்கணும். டாபிக், நீர்மின் நிலையம். மேட்டூர், குந்தா, காடம்பாறை எல்லாத்தையும் ரோல் நம்பர் வரிசைல முன்னாடி இருக்கிற புண்ணியவான்கள் அள்ளிட்டாங்க. நம்ம பேரு கடைசி எழுத்துல ஆரம்பிக்குது, என்ன பண்றது? "யாரும் எடுக்காத அணையா ஒண்ணு எடுடா"ன்னார் கைடு. எடுத்தேன். கஜாக்கி அணை, ஹெல்மண்ட் மாகாணம், ஆப்கானிஸ்தான். எடுத்ததுக்குக் காரணம், பேர் நல்லா இருந்தது. அவ்வளவுதான்!

ஹெல்மண்ட் ஆத்துல 1953-ல அமெரிக்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த அணை அது. 1975-ல அமெரிக்க உதவிப் பணத்துலயே பவர் ஹவுஸ் வந்தது. ஆளுக்கு 16.5 மெகாவாட்னு ரெண்டு மெஷின். மூணாவது மெஷினுக்கு நடுவுல இடம் விட்டு வெச்சிருந்தாங்க, பின்னாடி மாட்டிக்கலாம்னு. நம்ம வீடுகள்ல மாடிக்கு மேல கம்பியை நீட்டி விட்டு வெப்போமே, 'பையன் சம்பாதிச்சுக் கட்டிக்குவான்'னு, அந்த மாதிரி. அப்புறம் ரஷ்யா வந்தது, உள்நாட்டுப் போர் வந்தது, தாலிபான் வந்தது, 2001-ல அமெரிக்கா வந்தது. நடுவுல இருந்த அந்தக் குழி மட்டும் அப்படியே இருந்தது.

2008-ல 'மாட்டிடுவோம்'னு கிளம்பினாங்க. சைனாவுல செஞ்ச டர்பைன். பார்ட் பார்ட்டா கழட்டினாலும் மொத்தம் 200 டன்னுக்கு மேல. கந்தஹார் ஏர்போர்ட் வரைக்கும் வந்துடுச்சு. அங்க இருந்து அணைக்குப் போற நேர் ரோடு சங்கின்ங்கிற ஊர் வழியா போகுது. அந்த ரோடு முழுக்கக் கண்ணிவெடி. அதனால பாலைவனத்தைச் சுத்திக்கிட்டு ஒரு ஊர்வலம். சுமார் 100 வண்டி, காவலுக்கு பிரிட்டிஷ், அமெரிக்க, ஆப்கான் வீரர்கள்னு 4,000 பேருக்கு மேல, மேல ஹெலிகாப்டர். ஒரு டர்பைனுக்கு! எங்க ஊர்த் தேரோட்டத்துக்குக்கூட இவ்வளவு போலீஸ் வராது. செப்டம்பர் ஆரம்பத்துல பத்திரமா போய்ச் சேர்ந்துச்சு. பிரிட்டன்ல பெரிய சாதனையா கொண்டாடினாங்க. சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே சாதனைதான்.

கதை அங்கதான் சொதப்புது. டர்பைனை உட்கார வைக்கணும்னா அடியில கான்கிரீட் போடணும். அதுக்குப் பல நூறு டன் சிமென்ட் வேணும். சிமென்ட் லாரி எந்த ரோட்ல வரும்? அதே ரோட்ல! 4,000 பேரை ஒரு தடவை கூட்டிட்டு வரலாம், ஒவ்வொரு சிமென்ட் லோடுக்கும் கூட்டிட்டு வர முடியுமா? வேலை செய்ய வந்த சைனாக்காரங்க 2009-ல கிளம்பிட்டாங்க. பார்ட்டெல்லாம் அணை ஓரமா வெயில்ல கிடந்தது. ஒரு வருஷமில்லை, ரெண்டு வருஷமில்லை. அந்த டர்பைன் ஓட ஆரம்பிச்சது 2016 அக்டோபர்ல. எட்டு வருஷம்! நான் நாலு வருஷ கோர்ஸை ரெண்டு தடவை முடிச்சிருக்கலாம். (அரியர் இல்லாம இருந்தா.)

அந்த சங்கின் இருக்கே, அந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் மட்டும் 2006-ல இருந்து 2010-க்குள்ள 100-க்கும் மேல பிரிட்டிஷ் வீரர்கள் செத்திருக்காங்க. அப்புறம் அமெரிக்க மரைன்கள் வந்தாங்க. அவங்களும் செத்தாங்க. ஊர்க்காரங்க செத்த கணக்கை நான் தேடின எந்தப் பக்கத்துலயும் தனியா போடலை.

டர்பைன் ஓட ஆரம்பிச்சதும் மொத்த உற்பத்தி சுமார் 51 மெகாவாட். நம்ம மேட்டூர் அணையோட அடிவாரத்துல இருக்கிற பழைய பவர் ஹவுஸ் 50 மெகாவாட், அதை வெச்சு அளவைப் புரிஞ்சுக்கோங்க. இதுல இன்னொரு கூத்து. கஜாக்கி கரன்ட் போற கிராமங்கள் பலதுல மின்கட்டணத்தை வசூல் பண்ணினது யாருங்கிறீங்க? தாலிபான்! அமெரிக்கக் காசுல ஓடின அணை, பில் மட்டும் எதிராளி கையில.

இதைப் படிச்சப்போ எனக்கு வந்த முதல் கேள்வி, "இது ஏதாவது ரகசிய ஃபைலா?" இல்லை. எல்லாமே பப்ளிக். ஆப்கான் மறுகட்டமைப்புச் செலவைத் தணிக்கை பண்றதுக்குன்னே அமெரிக்க நாடாளுமன்றம் 2008-ல ஒரு அலுவலகம் போட்டது. சிகார்னு கூப்பிடுவாங்க. மூணு மாசத்துக்கு ஒரு அறிக்கை, தவறாம வெளியிட்டாங்க. சில அறிக்கைகளைப் படிச்சா வடிவேலு காமெடி தோத்துடும். ஆப்கான் விமானப் படைக்காக ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவுல பழைய இத்தாலி சரக்கு விமானங்கள் 20 வாங்கினாங்க. ஓட்ட ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை. கடைசியில காபூல்ல நின்ன 16 விமானத்தையும் உடைச்சு எடைக்குப் போட்டாங்க. கிடைச்சது 32,000 டாலர் சொச்சம். பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருந்தாக்கூட கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்.

இன்னொண்ணு. ஆப்கான் ராணுவத்துக்கு யூனிஃபார்ம் எடுத்தாங்க. பச்சைப் பசேல்னு காட்டு டிசைன். அந்த நாட்டுல காடு இருக்கிறது வெறும் 2.1 சதவிகித நிலம். மிச்சமெல்லாம் மலை, மண்ணு. டிசைனைத் தேர்ந்தெடுத்தவர் அந்நாட்டு ராணுவ அமைச்சர். அவருக்கு அது பிடிச்சிருந்தது, அவ்வளவுதான். தேவையில்லாம போன காசு 2.8 கோடி டாலர் வரைக்கும் இருக்கும்னு 2017-ல சிகார் சொன்னது. சிரிச்சுட்டீங்களா? நானும் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு மண்ணு மலை ஓரமா நின்னவன் வயசு எவ்வளவு இருக்கும்னு ஒரு நிமிஷம் கழிச்சுதான் தோணிச்சு. நம்ம வயசுதான் இருக்கும்.

சரி, இவ்வளவும் வெளியில இருந்தும், சொந்தக் காசு போட்ட அமெரிக்க ஜனங்க ஏன் கேட்கலை? இதுதான் என்னை ரெண்டு வாரமா தூங்க விடாத கேள்வி. (செமினார் ஸ்லைடு அப்படியே நிக்குது.)

அமெரிக்காவுல ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி.னு மூணு பெரிய சேனல். அவங்களோட சாயங்கால நியூஸ்ல எந்த விஷயத்துக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கறாங்கன்னு கணக்கு எடுக்கிறவர் ஆண்ட்ரூ டிண்டால். 2020-ம் வருஷம் முழுக்க, வார நாள் நியூஸ்ல, மூணு சேனலும் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்கு ஒதுக்கினது 5 நிமிஷம். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு சேனலுக்கு இல்லை. வருஷத்துக்கு, மொத்தமா, 14,000 நிமிஷத்துக்கு மேல நியூஸ் போட்டதுல! கொரோனா வருஷம், தேர்தல் வருஷம், புரியுது. ஆனா, அதே 2020 பிப்ரவரி 29-ம் தேதிதான் தோஹாவுல அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் போட்டாங்க. ஆப்கான் அரசாங்கத்தை அந்த மேஜைல உட்காரவே வைக்கலை. 19-வது வருஷமா நடந்துக்கிட்டு இருந்த சண்டையில அமெரிக்கா வெளியேற கையெழுத்துப் போட்ட வருஷம் அது. 5 நிமிஷம்! நம்ம டிவி சீரியல்ல மாமியார் திரும்பிப் பார்க்கிற ஷாட்டே அதுக்கு மேல ஓடும்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2019-ல, இன்னொண்ணு நடந்தது. எத்தனை மாவட்டம் அரசாங்கம் கையில, எத்தனை தாலிபான் கையிலன்னு ராணுவம் கணக்கு கொடுத்துக்கிட்டு இருந்தது. 2018 கடைசியில அரசாங்கத்தோட பங்கு 54 சதவிகிதம் பக்கத்துல வந்து நின்னுச்சு. அப்புறம் என்ன பண்ணினாங்க தெரியுமா? கணக்கு எடுக்கிறதையே நிறுத்திட்டாங்க. மார்க் குறைஞ்சா ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டை ஒளிச்சு வைக்கிறது நமக்குப் புதுசில்லை. ஆனா, அடுத்த நாள் அப்பா கேட்பாரே! இங்க அப்பா கேட்கவே இல்லை.

அதே 2019 டிசம்பர்ல வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை மூணு வருஷம் கோர்ட்டுல மல்லுக்கட்டி, 2,000 பக்கத்துக்கு மேல உள் ஆவணங்களை வெளியிட்டது. போரை நடத்தின ஜெனரல்கள், தூதர்கள்னு 400 பேருக்கும் மேல கொடுத்த பேட்டி. நாம என்ன பண்றோம்னே எங்களுக்குத் தெரியலைன்னு பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துக்கிட்டு இருக்காங்க. ஆனா, அந்த மாசம் அமெரிக்கா முழுக்க ட்ரம்ப் மேல கண்டனத் தீர்மானம்ங்கிற ஒரே பேச்சு. ஆவணம் வந்த வேகத்துல அடங்கிப் போச்சு.

இதே அமெரிக்காதான் வியட்நாம் போரப்போ கொதிச்சுது. என்ன வித்தியாசம்? விடை ஒரு கண்ணாடி ஜாடிக்குள்ள இருக்கு.

1969 டிசம்பர் 1, ராத்திரி. வாஷிங்டன்ல ஒரு ஹால். ஜாடிக்குள்ள 366 நீல நிற கேப்ஸ்யூல். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு தேதி. வருஷத்துல எத்தனை நாளோ அத்தனை கேப்ஸ்யூல், பிப்ரவரி 29 உட்பட. முதல் கேப்ஸ்யூலை எடுத்துப் பிரிச்சாங்க. செப்டம்பர் 14. அந்தத் தேதியில பொறந்த, 19-ல இருந்து 25 வயசு பையன்கள் எல்லாருக்கும் முதல் நம்பர். ராணுவத்துக்கு முதல்ல கூப்பிடப் போறது அவங்களைத்தான். அப்புறம் ரெண்டாவது கேப்ஸ்யூல், மூணாவது... நாடு முழுக்க ஹாஸ்டல்கள்ல பசங்க டிவி முன்னாடி, ரேடியோ முன்னாடி கூட்டமா உட்கார்ந்து, தன் பிறந்த நாள் எப்போ வருதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் குலுக்கல்ல 195-ம் நம்பர் வரைக்கும் கூப்பிட்டாங்க.

நாம செமஸ்டர் ரிசல்ட்டுக்கு சர்வரை ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்போமே, அதே மூஞ்சிதான் இருந்திருக்கும். காலேஜ்ல படிக்கிற வரைக்கும் தள்ளிப் போடலாம். டிகிரி முடிஞ்சா? பிளேஸ்மென்ட் வியட்நாம்லதான்! அப்புறம் காலேஜ் காலேஜா போராட்டம் வெடிக்காம என்ன பண்ணும்? 1970 மே 4-ம் தேதி ஓஹியோவுல கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குள்ள காவல் படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தாங்க. (புள்ளியியல் படிக்கிற மக்களுக்கு ஒரு போனஸ் தகவல். கேப்ஸ்யூலைச் சரியா கலக்கலை. ஜனவரி, பிப்ரவரின்னு வரிசையா போட்டதுல வருஷக் கடைசி மாசங்கள் மேலயே நின்னுடுச்சு. டிசம்பர்ல பொறந்தவன் பாவம், சின்ன நம்பரா வாங்கினான். இன்னிக்கும் புள்ளியியல் வகுப்புல உதாரணமா சொல்வாங்க. நான் டிசம்பர்!)

1973-ல கட்டாய ஆள் சேர்ப்பை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் விருப்பப்பட்டு வர்றவங்க மட்டும்தான் ராணுவம். ஜனத்தொகையில ஒரு சதவிகிதம்கூட இல்லை. 2001-ல சண்டை ஆரம்பிக்கும்போது போருக்குன்னு தனி வரியும் போடலை. கடன் வாங்கிச் செலவு பண்ணினாங்க, வரியை இன்னும் குறைச்சாங்க! நியூயார்க்ல கட்டடங்கள் விழுந்து ரெண்டு வாரம் கழிச்சு, 'பயப்படாம விமானத்துல ஏறுங்க, குடும்பத்தோட டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்ட்டு வாங்க'ங்கிற மாதிரி ஜனங்ககிட்ட சொன்னவர் சாட்சாத் ஜனாதிபதி புஷ். செத்து வர்ற வீரர்களோட சவப்பெட்டியை போட்டோ எடுக்க 1991-லயே தடை. அது நீங்கினது 2009-ல. ஆக, உங்க பையன் போகலை, உங்க பர்ஸ்ல கை வைக்கலை, பெட்டியையும் நீங்க பார்க்கலை. அப்புறம் எதுக்கு நியூஸைப் பார்க்கணும்?

இதை நான் ரூம்ல ஆவேசமா சொல்லிக்கிட்டு இருந்தப்போ ரூம்மேட் ஹெட்போனைக் கழட்டினான். "மச்சி, அப்போ திரும்ப எல்லாரையும் கட்டாயமா பட்டாளத்துல சேர்க்கணும்கிறியா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியலை. ஜாடி வேண்டாம்டா சாமி! அந்த ஜாடி இருந்தும் வியட்நாம் போர் உடனே நின்னுடலையே. 58,000 அமெரிக்கர்கள் செத்தாங்க, வியட்நாம்காரங்க பல லட்சம். கவனிச்சா போர் நின்னுடும்னு சொன்னா அது புருடா.

அவன் விடலை. "சூடான், காங்கோ, மியான்மர்... எல்லாத்தையும் நினைச்சுக்கிட்டு இருந்தா பைத்தியம்தான் பிடிக்கும். நீ முதல்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் அரியரை கிளியர் பண்ணு!" - சனியன், கரெக்ட்டா அடிச்சான். ஆனா, அவன் சொன்ன அந்த பேப்பர்லயே எனக்கு ஒரு பாதி பதில் கிடைச்சது.

எங்க ஹாஸ்டல் மொட்டை மாடி டேங்க் தெரியுமா? மோட்டாரைப் போட்டுட்டு வார்டன் அண்ணன் டீ குடிக்கப் போயிடுவார். ரொம்பிச்சா இல்லையான்னு மோட்டாருக்கு யார் சொல்றது? வழிஞ்சு ஓடும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். சிலபஸ்ல இதுக்குப் பேர் ஓப்பன் லூப். ஃபீட்பேக் கிடையாது. மோட்டார் மேல தப்பே இல்லை, அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆப்கான்ல நடந்தது கிட்டத்தட்ட இதான்னு எனக்குத் தோணுது. நாலு ஜனாதிபதிகள், 20 வருஷம். 2001 அக்டோபர் 7-ல போட்ட சுவிட்ச், 2021 ஆகஸ்ட் 30-ல நின்னுச்சு. பிரவுன் யுனிவர்சிட்டிக்காரங்க போட்ட கணக்குல ஆப்கான் பொதுமக்கள் மட்டும் 46,000 பேருக்கு மேல, ஆப்கான் ராணுவம், போலீஸ் 66,000 பேருக்கு மேல. அமெரிக்க வீரர்கள் 2,400 சொச்சம். ஜெயிக்கலைன்னு தெரிஞ்ச பின்னாடியும் 'இந்த வருஷம் திரும்பிடும், அடுத்த வருஷம் திரும்பிடும்'னே ஓட்டியிருக்காங்க. யாராவது ஒருத்தர் மாடியில இருந்து 'தண்ணி வழியுது!'ன்னு கத்தியிருந்தா மோட்டார் நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா, மாடிக்கு ஏறிப் பார்க்கவே இல்லையே.

'சரிப்பா, அது அமெரிக்காக்காரன் பாடு, நமக்கு என்ன?'ன்னு நீங்க கேட்கலாம். நம்ம ஆளுங்களும் அங்க இருந்தாங்க பாஸ். எல்லைச் சாலை அமைப்பு, அதான் பி.ஆர்.ஓ., ஆப்கானிஸ்தான்ல ஜரஞ்ச்ல இருந்து டெலாராம் வரைக்கும் 218 கிலோமீட்டர் ரோடு போட்டது. 2005-ல அந்த வேலைக்குப் போன கேரள டிரைவர் ஒருத்தரைக் கடத்திக் கொன்னாங்க. 2008 ஜூலை 7-ல காபூல் இந்தியத் தூதரக வாசல்ல குண்டு வெடிச்சு 50 பேருக்கும் மேல இறந்தாங்க. ஹெராத் பக்கத்துல 42 மெகாவாட்ல சல்மா அணையைக் கட்டி முடிச்சு 2016-ல கொடுத்ததும் நாமதான். என் செமினாருக்கு அதையே எடுத்திருக்கலாம். அப்படி ஒரு அணை இருக்கிறதே எனக்குத் தெரியாது! 50 வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் என்னை மாதிரியே, 'இவ்வளவு நடந்திருக்கு, இந்த ஊர்க்காரங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?'ன்னு கேட்டா என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்: 2021 ஆகஸ்ட் 16-ம் தேதி எனக்கு ஆன்லைன் கிளாஸ். கேமராவை ஆஃப் பண்ணிட்டு போனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். காபூல் ரன்வேயில விமானம் நகர, ஜனங்க பக்கவாட்டுல ஓடற வீடியோ வந்தது. ஒருத்தர் மேல இருந்து விழற வீடியோவும் வந்தது. 'அய்யோ!'ன்னேன். கிளாஸ் குரூப்ல ஃபார்வர்டு பண்ணினேன். அப்புறம் கேம் விளையாடப் போயிட்டேன்.

எங்க காலேஜ்ல எம்.இ. படிக்கிற ஆப்கான் சீனியர் ஒருத்தர் இருக்கார். கந்தஹார்க்காரர். 2019-ல மத்திய அரசு ஸ்காலர்ஷிப்ல பி.இ. சேர வந்தவர், ஊர் மாறிப் போனதால திரும்பிப் போகாம இங்கேயே தொடர்றார். மெஸ்ல பார்த்தா 'சாப்டியா தம்பி?'ம்பார். அந்த அளவுக்குத் தமிழ் தேறிட்டார். இத்தனை நாள்ல நான் அவர்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "ரஷித் கானை நேர்ல பார்த்திருக்கீங்களாண்ணா?"

போன செவ்வாய்க்கிழமை ஸ்லைடைத் தூக்கிக்கிட்டு அவர் ரூமுக்குப் போனேன். கஜாக்கின்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டு கரன்ட் அங்க இருந்துதான் வரும், தம்பி. வந்தா வரும்!" ராத்திரி எந்நேரம் கரன்ட் வந்தாலும் அவங்க அம்மா எழுந்து முதல்ல தண்ணி மோட்டாரைப் போடுவாங்களாம். அப்புறம் இஸ்திரி. தங்கச்சி எழுந்து புத்தகத்தைத் திறக்கும். டாக்டருக்குப் படிக்கணும்னு அதுக்கு ஆசை. 2021-ல தாலிபான் வந்ததும் பெண்கள் ஹைஸ்கூல் மூடினாங்க, 2022 டிசம்பர்ல யுனிவர்சிட்டியும் பெண்களுக்குக் கிடையாதுன்னாங்க, 2024 டிசம்பர்ல நர்ஸிங், பிரசவம் பார்க்கிற படிப்பையும் நிறுத்தினாங்க. "இப்போ கரன்ட் வந்தா என் தங்கச்சி எழுந்திரிக்கிறதில்லை"ன்னார். அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம நான் ஸ்லைடைப் புரட்டினேன்.

மூணாவது டர்பைன் எட்டு வருஷம் வெயில்ல கிடந்த கதையை ஃபோட்டோவோட காட்டினேன். அவருக்கு அது முழுசா தெரியாது. "எப்போ வரும்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தோம். இதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னா?"ன்னார். அப்புறம், சேப்பாக்கம் மேட்சுக்கு அவரும் வந்திருக்கார்னு அன்னிக்குத்தான் சொன்னார். நாலு ஆப்கான் பசங்க சேர்ந்து, ஒரே கொடி. இப்ராஹிம் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் கிளம்பியிருக்காங்க. நாங்க அப்போ ரயில்ல சீட் பிடிச்சிருப்போம்.

கிளம்பும்போது கேட்டார், "செமினார் எத்தனை நிமிஷம் தம்பி?"

"பத்து நிமிஷம்ணா."

டிண்டால் கணக்கை அவர்கிட்ட ஏற்கெனவே சொல்லியிருந்தேன். விரலை மடக்கி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துட்டுச் சிரிச்சார். "அமெரிக்கா டிவிக்கு டபுள்!"

வெள்ளிக்கிழமை செமினார் முடிஞ்சது. பத்து நிமிஷம்னு சொன்னது பதினாலு நிமிஷம் போச்சு, கைடு ரெண்டு தடவை வாட்சைப் பார்த்தார். கடைசி பெஞ்ச்ல கந்தஹார் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த கிளாஸே கிடையாது. கேள்வி நேரத்துல ஒரே ஒரு கை தூக்கிச்சு. முதல் பெஞ்ச்.

"அந்த மூணாவது டர்பைனோட எஃபிஷியன்சி எவ்வளவு?"